மணமில்லாத சாட்சி

மாடிப்படியில் ஏதோ கனமாக உருண்டு விழுந்த சத்தத்தில் பதுளைக் கடைவீதி ஒரு கணம் பேச்சை நிறுத்தியது. துப்பறியும் நிபுணர் சிதம்பரநாதன் சோற்றில் பருப்பை ஊற்றிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திக் கதவைப் பார்த்தார். அவருடைய உதவியாளன் மர்ஸூக் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

“கட்சிக்காரர் ஒருத்தர் வாறார் சேர். மச்சான்ட துணிக்கட்டு கீழ போகுது, அவர் மேல வாறார்.”

அலுவலகம் மர்ஸூக்கின் மச்சானுடைய புடைவைக் கடைக்கு மேலே இருந்தது. கடையில் இடம் கிடைக்காத துணிக்கட்டுகள் படியில் குடியிருந்தன. சிதம்பரநாதனிடம் துப்பு வாங்க வருகிறவர்கள் முதலில் அவற்றைத் தாண்டி வர வேண்டும். பாதிப் பேர் அங்கேயே மனம் மாறிப் போய்விடுவார்கள் என்பது மர்ஸூக்கின் கணிப்பு.

இன்று மனம் மாறாமல் வந்தவர் டொக்டர் இரகுநாதன். மலைச்சரிவில் எட்டுக் கட்டில்களோடு சொந்தமாக ஒரு நேர்சிங் ஹோம் நடத்துகிறவர். அவருடைய கழுத்துப் பட்டி இடம்மாறி யாரும் பார்த்ததில்லை. இப்போது அது தோளில் கிடந்தது. இரண்டு கைகளிலும் இரண்டு சிறிய கண்ணாடிப் போத்தல்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். துணிக்கட்டில் இடறியபோதும் அவற்றை விடவில்லை. சோற்றுக்கும் பருப்புக்கும் நடுவில் அவற்றைப் பத்திரமாக வைத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

மர்ஸூக் குனிந்து பார்த்தான். ஒன்றில் இருந்தது வெளிறிய மஞ்சள். மற்றதில் இருந்தது நல்ல செம்பொன் நிறம்.

“இது முதல் தரத் தேயிலைச் சாயம். அது ஒரே தூளில மூணாந் தரம் ஊத்தின சாயம். எங்களுக்கு எது டொக்டர்?”

“ரெண்டும் சலம்,” என்றார் டொக்டர்.

“சலம் எண்டா தண்ணிதானே?”

“எங்கட ஊரிலை மூத்திரம்.”

சிதம்பரநாதன் சோற்றுப் பீங்கானை மெதுவாக ஒதுக்கி வைத்தார்.

டொக்டர் சொன்ன கதை இது. பசறைக்கு மேலே ஆனைக்குழித் தோட்டத்தில் சிற்றம்பலம் என்று ஒரு பெரிய கங்காணி. வயது நாற்பதுதான். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல், போகிற போக்கில் அவருடைய இருதயத்துக் கதவு ஒன்றைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்த மலை அதிரப் பெரட்டுக் கூப்பிட்ட மனிதருக்கு இப்போது வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. படுத்தால் நெஞ்சு அடைக்கிறது, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார். இப்படியே விட்டால் அடுத்த மழைக்காலம் அவருக்கு இல்லை. கொழும்பில் ஒரு சர்ஜன் நெஞ்சைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, அந்தக் கதவை அகட்டிவிடுகிறார். கங்காணிக்கு அங்கே ஒரு கட்டிலும் ஒதுக்கியாயிற்று. ஆனால் சர்ஜன் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முதலில் அவருடைய கிட்னி நல்லது என்று காட்ட வேண்டும்.

“வருத்தம் நெஞ்சில. விசாரணை இடுப்பிலயா?” என்றான் மர்ஸூக்.

டொக்டர் இதற்குக் கோபப்படவில்லை. இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதுபோலப் பெருமூச்சு விட்டார்.

“சர்ஜன் கதவைத் திறக்கிறது கொஞ்ச நேர வேலை, ஐசே. அதுக்குப் பிறகு ஆளைக் கட்டிலிலை வைச்சு, நேர்ஸ் பக்கத்திலை இருந்து, குழாயாலை வாற ஒவ்வொரு சொட்டுச் சலத்தையும் அளக்கோணும். அந்த நாளுகளிலை ஆளைக் காப்பாத்திறது சர்ஜன் இல்லை, கிட்னி. அது ஏற்கெனவே களைச்ச கிட்னியெண்டால் நிண்டு போம். இருதயம் திறமா அடிக்கும், ஆள் தன்ரை நஞ்சிலையே செத்துப் போவார்.”

சோதனை எளிமையானது. மாலையிலிருந்து விடியும்வரை நோயாளி ஒன்றும் குடிக்கக் கூடாது. நல்ல கிட்னி என்றால் உள்ளதைச் சிக்கனமாகப் பிடித்து வைக்கும். காலைச் சலம் கெட்டியாக வரும். அதில் விடுகிற கண்ணாடி மிதவை நிமிர்ந்து நிற்கும். களைத்த கிட்னிக்குச் சிக்கனம் தெரியாது. ஒன்றும் குடிக்காவிட்டாலும் வெறும் நீராகத்தான் விடும், மிதவை அமிழ்ந்துபோகும்.

கங்காணியை நேர்சிங் ஹோமில் ஓர் இரவு வைத்துச் சோதித்தார் டொக்டர். மிதவை அமிழ்ந்தது. ஆபரேஷன் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு கிழமை கழித்து, கங்காணியின் மகள் குணமணி வீட்டிலிருந்து இன்னொரு போத்தலைக் கொண்டுவந்து, மறுபடி பார்க்கச் சொல்லி வாசலில் நின்றாள். தொல்லை தீரட்டும் என்று பார்த்தார். மிதவை எழுந்து நின்றது.

“ஒரு கிழமையிலை கிட்னி திருந்தாது. அப்ப இதிலை ஒண்டு அவரின்ரை இல்லை. மகள்தான் சுகமான ஆரின்ரையோ சலத்தை நிரப்பிக் கொண்டு வந்திருக்கிறாள். நான் அதை நம்பி அனுப்பினால் தகப்பன் கத்திக்குத் தப்பிக் கட்டிலிலை சாவார். அனுப்பாமல் விட்டு, அவள் கொண்டு வந்ததுதான் உண்மையெண்டால், மனுசன் இஞ்சை மூச்சு முட்டிச் சாவார். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லாட்டில் கட்டில் வேறை ஆளுக்குப் போகுது.”

இரண்டு வழியிலும் சாவு இருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு பொய்ப் போத்தல் இருந்தது. சிதம்பரநாதன் கை கழுவ எழுந்தார்.

முதலில் நேர்சிங் ஹோம். சலப் போத்தல் வைக்கிற அலுமாரிக்கு டொக்டர் பூட்டுப் போட்டிருந்தார். பதுளை வங்கியில்கூட அத்தனை பெரிய பூட்டைப் பார்த்ததில்லை என்றான் மர்ஸூக். சாவி டொக்டரின் சட்டைப் பையில். அந்த இரவு கங்காணிக்குக் காவல் இருந்தவர் பலீல் என்ற அட்டென்டன்ட். நேர்மையில் டொக்டரே பொறாமைப்படுகிற மனிதர்.

பலீலைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார் சிதம்பரநாதன். டொக்டர் சொன்னபடியே காவல் இருந்ததாகவும், கங்காணி ஒரு சொட்டுத் தண்ணி தொடவில்லை என்பதைக் குர்ஆன் மேல் கைவைத்துச் சொல்வதாகவும் பலீல் சொன்னார். இரவில் கங்காணி அடிக்கடி எழுந்து மூத்திரம் போனார். ஒவ்வொரு தடவையும் துணைக்குப் போனது அவர்தான். காலைப் போத்தலையும் அவர் கண் முன்னால்தான் நிரப்பினார்கள். மாலையில் பார்க்க வந்தவர்களைப் பற்றிக் கேட்டதும் பலீலின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. கங்காணியின் தம்பி ஒரு பை கொண்டுவந்தாராம். அதில் இருந்த ஒவ்வொன்றையும் மூடி திறந்து, மணந்து பார்த்துத்தான் உள்ளே விட்டாராம்.

“இப்பிடி ஒரு மூக்கு இருந்தா நம்மட வேலை எவ்வளவு லேசு சேர்,” என்றான் மர்ஸூக், வெளியே வந்ததும்.

சிதம்பரநாதனுக்கு அந்த மூக்கில் ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. நேர்மையான சாட்சி, பெரிய பூட்டு, கண் முன்னால் நிரப்பிய போத்தல். முதல் போத்தலில் கைவைக்க இடமே இல்லை. அப்படியானால் திருட்டு இரண்டாவது போத்தலில்தான். டொக்டர் தம்முடைய மொரிஸ் மைனர் காரைச் சாரதியோடு கொடுத்தார். பசறைப் பாதையின் வளைவுகளில் மர்ஸூக் இரண்டு தடவை கலிமாச் சொன்னான். மூன்றாவது வளைவில் சாரதியும் சேர்ந்து எதையோ முணுமுணுத்தான்.

ஆனைக்குழித் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே தனியாக இருந்தது பெரிய கங்காணியின் வீடு. கதவுக்கு மேலே பச்சை எழுத்தில் ‘ஆனைக்குழித் தோட்ட மதுவிலக்குச் சங்கம்’ என்று ஒரு பலகை. தலைவர் பெயருக்கு நேரே சிற்றம்பலம். சம்பள நாளில் சாராயத் தவறணைக்குப் போகிற பாதையில் குறுக்கே கதிரை போட்டு உட்காரும் மனிதர் அவர் என்று சாரதி சொல்லியிருந்தான்.

வாசலில் மறித்தவள் குணமணி. இருபது வயதிருக்கும். வந்த காரணத்தைக் கேட்டதும் அவள் அழவில்லை, இடுப்பில் கை வைத்தாள்.

“போத்தலை மாத்திட்டேன்னு டாக்டரையா சொல்லி விட்டாரா? எங்கப்பா மூத்திரத்துல நான் என்னங்க கள்ளக் கையெழுத்துப் போடுறது?”

“ஆரின்ரை சலம் எண்டு ஆருக்குத் தெரியும், தங்கச்சி?”

“எனக்குத் தெரியும்ங்க. புடிச்சது நான்தானே.”

சிதம்பரநாதன் விடவில்லை. அந்தப் போத்தலைப் பிடித்ததற்கு முந்தின இரவு அப்பா என்ன குடித்தார் என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அது வெள்ளிக்கிழமை விரதம். விரத நாளில் அப்பா வாயில் பச்சைத் தண்ணிகூடப் படாது. எச்சிலைக்கூட யோசித்துத்தான் விழுங்குவார். சனிக்கிழமை பசறைக்குப் போகிற தோட்ட லொறி இருந்தது, அதனால் அன்றைக்குப் பிடித்தாள். சோதனை, மிதவை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போயிற்று என்பதை அவள் நம்பவில்லை, அவ்வளவுதான்.

சிதம்பரநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாமலேயே சோதனை ஒழுங்காக நடந்திருக்கிறது. அப்படியானால் இந்தப் போத்தல் நிஜமாக இருக்கலாம். பூட்டுக்குள் இருந்த போத்தல்தான் பொய்.

“தம்பிக்காரன் சேர்,” என்று காதில் ஓதினான் மர்ஸூக். “அண்ணன் மூச்சு வாங்குறார், தம்பி கங்காணித் தடியைத் தூக்கப் பார்க்கிறார். பையில போத்தல் கொண்டு போய்ப் பூட்டுக்குள்ள மாத்தியிருக்கார்.”

“பையைத்தான் பலீல் மணந்து பார்த்தவரே.”

“மூத்திரம் எண்டா மணக்குமே. அதுவும் சரிதான்.” மர்ஸூக் தன் கட்சியைத் தானே வாபஸ் வாங்கினான்.

உள்ளே கங்காணி சாய்மனைக் கதிரையில் தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி, உதடுகளில் மட்டும் ஒரு நீலம். டொக்டரின் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்று இரவே திரும்ப வந்து ஒரு சோதனைக்கு இருக்க வேண்டும் என்று சிதம்பரநாதன் சொன்னபோது, அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று பதில் வந்தது. காரணம் கேட்டதற்குக் கங்காணி மூச்சைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“அந்த மனுசன் என்னைய ஏழு நோயாளிங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டாருங்க. சாவுறதா இருந்தா இங்கனயே மானத்தோட சாவுறேன்.”

என்ன அசிங்கம் என்று சொல்ல மறுத்துவிட்டார். மகளுக்கும் தெரியவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா இப்படித்தான் என்றாள். இப்போது அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. கிட்னி நல்லதோ கெட்டதோ, இந்தக் கதிரையை விட்டு அவர் எழாவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

விருந்தாளிகளை வெறும் வாயோடு அனுப்பக் கூடாதென்று அவள் பால் விடாத தேயிலைச் சாயம் கொண்டுவந்தாள். சீனியில்லை, ஒரு துண்டு கருப்பட்டி. கங்காணி தம் பங்குக்கு ஒரு பெரிய பித்தளைச் செம்பு நிறையச் சாயத்தை வாங்கி, ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்தார். இதுதான் அவருக்குச் சாப்பாடு, நாளெல்லாம் இதைத்தான் குடிக்கிறார் என்றாள் குணமணி. சூழ்நிலையின் இறுக்கம் தாங்காத மர்ஸூக், பலீல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கோப்பையை மூக்கடியில் பிடித்து நீளமாக மணந்து பார்த்தான்.

“காவல் கடமை, சேர்.”

சிதம்பரநாதனின் கை அந்தரத்தில் நின்றது. கோப்பையைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். திறந்த கதவுக்கு வெளியே தொங்கிய பச்சை எழுத்துப் பலகையைப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கங்காணியின் அருகில் குந்தி, அவர் காதில் ஏதோ கேட்டார்.

கங்காணி திரும்பினார். ஆமாம் என்று தலையசைத்தார். சிதம்பரநாதன் மறுபடி காதில் ஏதோ சொன்னார். கங்காணியின் முகம் முதலில் சுருங்கிற்று, பிறகு விரிந்தது. பிறகு மூச்சு வாங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகள் பயந்துபோய் முதுகைத் தடவினாள்.

“காரைக் கொண்டாரச் சொல்லும்மா,” என்றார் கங்காணி. “டாக்டரையாவைப் பார்க்கணும்.”

கீழே இறங்கும்போது, காதில் சொன்னது என்ன என்று மர்ஸூக் சிதம்பரநாதனை வழிநெடுகக் கெஞ்சினான். நீங்கள் சம்பளம் தருகிற உதவியாளனுக்கே சொல்லாத ரகசியத்தை யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, சம்பளம் தருவதை நீ நம்புகிறாயா என்று பதில் வந்தது.

நேர்சிங் ஹோமில் சிதம்பரநாதன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். இந்த முறை நோயாளியிடம் டொக்டர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பத்தியத்தைத் தாமே சொல்வார். காவலுக்குப் பலீல் வேண்டாம், மர்ஸூக் இருப்பான். டொக்டருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் போய்விடப்போகும் கட்டிலை நினைத்து ஒத்துக்கொண்டார். மகள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

விடிந்தது. பூட்டுக்கு வேலையில்லாமல், எல்லோருடைய கண் முன்னாலும் நிரம்பிய போத்தல் நேராக மேசைக்கு வந்தது. செம்பொன் நிறம். டொக்டர் அதை உயரமான கண்ணாடிக் குழலில் ஊற்றி மிதவையை விட்டார். குணமணி சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டாள். மிதவை ஒரு முறை முங்கியது, ஆடியது, பெரட்டுக்கு நிற்கிற ஆள் மாதிரி நிமிர்ந்து நின்றது.

டொக்டர் குனிந்து பார்த்தார், மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு டெலிபோனுக்குப் போய்க் கொழும்புக்கு டிரங்க் கோல் போட்டார். கட்டில் இன்னும் இருந்தது. கிட்னி நல்லது, நோயாளியை இன்றிரவு ரயிலில் ஏற்றுகிறேன் என்று அவர் சொல்வது வாட்டு முழுவதும் கேட்டது. குணமணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்த டொக்டரின் கழுத்துப் பட்டி பழைய இடத்துக்கு வந்திருந்தது. குரலும் அப்படியே.

“அப்ப அந்த முதல் போத்தலை மாத்தினது ஆர்? என்ரை பூட்டுக்குள்ள கை வைச்சவனை எனக்குத் தெரியோணும், சிதம்பரநாதன். ஒரு மனுசன்ரை உயிர் போகப் பார்த்தது. பொலிஸிலை குடுக்கப் போறன்.”

“போத்தலை ஒருதரும் மாத்தேல்லை. அதுவும் இவரின்ரைதான்.”

“இரவு முழுக்க ஒண்டும் குடியாத ஆள் அப்பிடி விட மாட்டார்.”

“அண்டைக்கு நீங்கள் இவரிட்டை என்ன சொன்னனீங்கள்? அதே வார்த்தையிலை சொல்லுங்கோ.”

இதில் என்ன இருக்கிறது என்பதுபோல டொக்டர் தோளைக் குலுக்கினார். “மத்தியானம் வருத்த விவரம் எழுதேக்கை, தண்ணி பாவிக்கிறனீரோ எண்டு கேட்டனான். எல்லா ஆம்பிளையளிட்டையும் கேக்கிறதுதான். இல்லை எண்டவர். பின்னேரம் வாட்டுக்கு வந்து, இண்டைக்கு இரவு தண்ணி பாவிக்கக் கூடாது எண்டு சொன்னனான். பலீலிட்டையும், இவர் தண்ணி பாவியாமல் பார்த்துக்கொள் எண்டு—”

வாட்டில் யாரோ இருமினார்கள். கங்காணி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவருடைய வயிறு மட்டும் மெல்லக் குலுங்கியது. மர்ஸூக்கின் வாய் திறந்து, மூட மறந்துபோய் நின்றது. டொக்டர் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தார்.

சிதம்பரநாதன் கதவோரம் நின்ற அட்டென்டன்டைக் கைகாட்டி அழைத்தார்.

“பலீல், தண்ணிக்கு மணம் இல்லை. அண்டைக்குத் தம்பிக்காரன் கொண்டு வந்ததை நீர் ஏன் மணந்து பார்த்தனீர்?”

பலீல் டொக்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, கடமை தவறாத குரலில் சொன்னார்.

“சாராயமா எண்டு பார்க்கத்தான் சேர், ரெண்டு பிளாஸ்க்லயும் சுத்தமான சாயம் இருந்திச்சு, பாவம், அந்த மனுசன் கோவத்தில விடிய விடிய ரெண்டையும் குடிச்சு முடிச்சார்.”